எடுத்த உறுப்பின் வேலையை யார் பார்ப்பது?

ஆபரேஷன் தியேட்டர் கதவு பாதி திறக்கும். பச்சை அங்கி போட்ட ஒருவர் ஸ்டீல் தட்டோடு நின்று, "பேஷண்டோட ஆளு யாரு?" என்பார். கணையத்தில் கட்டி என்று உள்ளே போனவரின் வீட்டார் ஓடிப்போய்ப் பார்த்தால், தட்டில் அருவாள் போல வளைந்த ஒரு குடல் துண்டு இருக்கும். அந்த வளைவுக்குள் ஒட்டிக்கொண்டு வெளிறிய மஞ்சளில் கொஞ்சம் சதை, பக்கத்தில் சுருங்கிப்போன பச்சைப் பை. சில சமயம் இரைப்பையின் அடிப்பகுதியும் சேர்ந்திருக்கும். "கட்டியைத்தான எடுக்கணும்னாங்க, இவ்வளவையும் எதுக்கு எடுத்தாங்க?" என்ற கேள்வி அந்த இடத்திலேயே வந்துவிடும்.

நியாயமான கேள்விதான். கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்புக்கு முன்னால் குறுக்கே படுத்திருக்கும் சுமார் 15 செ.மீ. நீளச் சுரப்பி. அதன் தலையைச் சுற்றி முன்சிறுகுடல் வளைந்து கிடக்கிறது. இரண்டுக்கும் ரத்தம் கொண்டுவரும் குழாய்கள் ஒன்றே. தலையை மட்டும் வெட்டி எடுத்தால் ரத்தம் கிடைக்காமல் குடல் அழுகிவிடும். கல்லீரலிலிருந்து வரும் பித்தக்குழாயும் இந்தத் தலைக்குள் புகுந்துதான் குடலில் திறக்கிறது, அதனால் அதன் கீழ்ப்பகுதியும் போகிறது. குழாய் போனபின் பித்தப்பைக்கு வேலை இல்லை. ஆக, தலையில் கட்டி என்றால் இத்தனையும் ஒரே கொத்தாகத்தான் வரும். அமெரிக்க அறுவை மருத்துவர் ஆலன் விப்பிள் 1935இல் வெளியிட்ட முறை என்பதால் இன்றும் விப்பிள் ஆபரேஷன் என்கிறார்கள். கட்டி வாலில் இருந்தால் கதை வேறு. அங்கே கணையத்தின் இடப்பாதியோடு மண்ணீரல் போகும், குடலில் கை வைக்க வேண்டியதில்லை. சிலருக்கு மட்டும் முழுக் கணையமும், அதோடு மேலே சொன்ன எல்லாமும், பெரும்பாலும் மண்ணீரலும் போகும்.

எந்த ஆபரேஷன் என்ற பெயரைவிட, எது போனது, எது மிச்சம் என்ற பட்டியல்தான் வீட்டுக்கு முக்கியம். எடுத்த ஒவ்வொரு உறுப்பும் ஒரு வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. இனி அந்த வேலையை மாத்திரையோ, ஊசியோ, சமையல்கட்டில் நிற்பவரோ பார்த்தாக வேண்டும். டிஸ்சார்ஜ் தாளில் இங்கிலீஷில் இருப்பதை டூட்டி டாக்டரிடம் கேட்டு, தமிழில் ஐந்தாறு வரியாக எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வெட்கப்பட வேண்டாம், அவர்களும் எழுதித் தருவார்கள்.

தட்டைக் காட்டியதோடு எடுத்த சதையின் கதை முடிவதில்லை. பல இடங்களில் அதை ஜாடியில் போட்டு, பரிசோதனைக் கூடத்துக்குக் கொண்டுபோகச் சொல்லி வீட்டார் கையிலேயே கொடுத்துவிடுவார்கள். மூன்றைப் பாருங்கள். சதை ஃபார்மலினில் நன்றாக மூழ்கியிருக்க வேண்டும், சதையின் அளவுக்குப் பத்து மடங்கு திரவம் என்பது கணக்கு. ஜாடியின் மூடியில் மட்டுமல்லாமல் ஜாடியின் பக்கத்திலும் பெயர், ஐ.பி. நம்பர் ஒட்டியிருக்க வேண்டும், மூடி மாறிப்போவது நடக்கிற விஷயம். அன்றைக்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அதற்குப் பின்னால் வரும் ரிப்போர்ட்தான் அடுத்த ஆறு மாதத்தைத் தீர்மானிக்கும். வெட்டிய ஓரத்தில் நோய் இருக்கிறதா, எத்தனை நெறிக்கட்டிகளைச் சோதித்து எத்தனையில் நோய் கண்டார்கள், கட்டியின் வகை என்ன, இந்த மூன்றும் அதில் இருக்கும். வேறு ஊருக்குக் கீமோவுக்குப் போவதானால் ரிப்போர்ட் போதாது, அந்தச் சதையைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுக் கட்டிகளையும் கண்ணாடித் தகடுகளையும் கையெழுத்துப் போட்டு வாங்கிப் போக வேண்டும்.

வகை என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. கணையத்தில் வருவதெல்லாம் ஒரே புற்று இல்லை. ஸ்டீவ் ஜாப்ஸுக்கு 2003இல் கண்டுபிடித்து 2004இல் ஆபரேஷன் செய்தது நியூரோ எண்டோகிரைன் என்ற மெதுவாக வளரும் வகை. அவர் 2011 வரை இருந்தார் என்பதை வைத்து நம் வீட்டு ஆளுக்குக் கணக்குப் போட முடியாது. இளம்பெண்களுக்கு வரும் ஒரு வகைக் கட்டி எடுத்தால் பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். பித்தக்குழாய் குடலில் திறக்கும் வாயில் வரும் கட்டி அடுத்தபடி தேவலை. அதிகம் பேருக்கு வருவது அடினோகார்சினோமா, அது கடுமையானது. ஆபரேஷன் செய்தவர்களிலும் பெரும்பாலோருக்கு நோய் திரும்பி வருகிறது. அதனால்தான் உடம்பு தேறியதும், பொதுவாக மூன்று மாதத்துக்குள், கீமோ தொடங்கி ஆறு மாதம் கொடுக்கிறார்கள். "ஆபரேஷன்தான் முடிஞ்சிட்டே" என்று அதை விடுவது தப்பு.

இனி கொஞ்சம் பின்னால் போவோம். நம் நெல்லைப் பக்கத்தில் நாள் வீணாவது ஆஸ்பத்திரியில் இல்லை, அதற்கு முன்னால். கண் மஞ்சளாகிறது, மூத்திரம் கட்டன் சாயா நிறத்தில் போகிறது. "காமாலைதான், கீழாநெல்லி அரைச்சு மோருல குடுங்க. உப்பு, புளி ஆகாது" என்று மைனி சொல்வாள், பக்கத்து வீட்டு ஆச்சியும் ஆமோதிப்பாள். வைரஸால் வரும் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே இறங்கும், பேர் கீழாநெல்லிக்குப் போகும். அந்தப் பழக்கத்தில் எல்லாக் காமாலையையும் அதே கணக்கில் சேர்த்துவிடுகிறோம். ஐம்பது தாண்டியவருக்குக் காய்ச்சல் இல்லை, வலி இல்லை, ஆனால் மஞ்சள் நாளுக்கு நாள் ஏறுகிறது, உடம்பெல்லாம் அரிப்பு, மலம் சுண்ணாம்பு நிறத்தில் போகிறது, எடை குறைகிறது என்றால் அது பித்தக்குழாய் அடைப்பு. அன்றைக்கே ஸ்கேனுக்குப் போக வேண்டும். வீட்டில் யாருக்கும் சுகர் இல்லாமல், ஆளும் குண்டாக இல்லாமல், திடீரென்று சுகர் வந்து எடையும் இறங்கினால் அதுவும் ஒரு மணியோசை. பீடி, சிகரெட் குடிப்பவர்களுக்கும், சின்ன வயதிலேயே கணையத்தில் கல் விழுந்தவர்களுக்கும் ஆபத்து கூடுதல். இந்தக் கல் நோய் கேரளத்திலும் நம் தென்பகுதியிலும் காணப்படுவது.

ஸ்கேன் என்றால் வயிற்றுக்கு எடுக்கும் சாதாரண அல்ட்ராசவுண்டோடு நிற்கக் கூடாது. கணையத்துக்கென்றே மருந்து செலுத்தி, நேரம் பிரித்து எடுக்கும் சி.டி. வேண்டும். அதற்கு முன், சிறுநீரகம் தாங்குமா என்று கிரியேட்டினின் பார்ப்பார்கள். டாக்டர் அதில் தேடுவது கட்டியின் அளவை அல்ல, பக்கத்தில் ஓடும் பெரிய ரத்தக்குழாய்களை அது தொட்டிருக்கிறதா, சுற்றியிருக்கிறதா என்பதை. சிறிய கட்டியும் குழாயைச் சுற்றியிருந்தால் நேரே கத்தி வைக்க முடியாது, முதலில் கீமோ கொடுப்பார்கள். சி.ஏ. 19-9 என்ற ரத்தச் சோதனையை வைத்து மட்டும் பயப்படவும் வேண்டாம், நிம்மதியடையவும் வேண்டாம். காமாலை இருந்தாலே அது ஏறும். எடுக்கக்கூடிய நிலையில் இருக்கும் கட்டிக்கு, துணுக்கு எடுத்துச் சோதிக்கும் பயாப்சி இல்லாமலே ஆபரேஷனுக்குப் போவதும் முறையான வழிதான், அதைக் கண்டு டாக்டர் அவசரப்படுத்துகிறார் என்று நினைக்க வேண்டாம். கீமோ முதலில் என்றால் மட்டும் பயாப்சி கட்டாயம்.

அடுத்த பொறி ஸ்டென்ட். அடைப்புக்குள் சின்னக் குழாய் வைத்ததும் நாலைந்து நாளில் அரிப்பு நிற்கும், பசி வரும், கண் வெளுக்கும். "குணமாயிட்டு" என்று சொல்லி ஊருக்கு வந்து, கோயில் கொடை முடியட்டும், அறுப்பு முடியட்டும் என்று ஆபரேஷனைத் தள்ளிப்போடுவார்கள். மஞ்சள் போயிருக்கிறது, கட்டி போகவில்லை. பிளாஸ்டிக் ஸ்டென்ட் ஏறக்குறைய மூன்று மாதத்தில் அடைத்துக்கொள்ளும். நடுக்கத்தோடு காய்ச்சல் வந்து கண் மறுபடி மஞ்சளானால் அது அவசரம், பாரசிட்டமால் போட்டுப் பார்க்கிற காய்ச்சல் இல்லை. சீக்கிரமே ஆபரேஷன் நடக்கப் போகிறது, ரத்தத்தில் மஞ்சளைக் காட்டும் பிலிருபினும் மிக அதிகமில்லை என்றால் ஸ்டென்ட் வைக்காமலே போவதுதான் நல்லது. ஸ்டென்ட் வழியாகக் கிருமி ஏறி, பின்னால் புண் சீழ் வைப்பது கூடுகிறது. இதை டாக்டரிடம் நேரடியாகவே கேட்கலாம்.

எங்கே செய்வது? பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு பெரிய ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு மதுரை, சென்னை, வேலூர், திருவனந்தபுரம் என்று போகிறவர்கள் உண்டு. ஊர் பெயரைப் பார்க்காமல் இரண்டு கேள்வி கேளுங்கள். ஒன்று, இந்த ஆபரேஷனை வருஷத்துக்கு எத்தனை செய்கிறீர்கள்? நெதர்லாந்தில் குறைந்தது 20 என்று வரம்பே வைத்தார்கள். அடிக்கடி செய்யும் இடங்களில் ஆபரேஷனை ஒட்டிய உயிரிழப்பு நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே வந்துவிட்டது, எப்போதாவது செய்யும் இடங்களில் அதைவிட வெகு அதிகம். இரண்டு, ராத்திரி ரெண்டு மணிக்கு உள்ளே ரத்தக்கசிவு வந்தால் தொடை வழியாகக் குழாய் விட்டு அடைக்கும் வசதி இங்கேயே உண்டா? இது ஏன் முக்கியம் என்பது கீழே வருகிறது. செலவுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் இடம் உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்ற வி.ஏ.ஓ. சான்றும் ரேஷன் கார்டும் ஆதாரும் கொண்டு கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசில் பதியலாம். கார்டை அட்மிஷனுக்கு முன்னாலேயே எடுத்து வையுங்கள், ஆள் படுத்தபின் அலைவது பெரும்பாடு.

ஆபரேஷனுக்கு முந்தைய நாட்களில் வீட்டார் செய்யக்கூடியது நிறைய. பீடியைக் குறைந்தது நாலு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். தினம் அரைமணி நடை. மூன்று பந்து உள்ள மூச்சுப் பயிற்சிக் கருவியை உறிஞ்சிப் பழகுவது, ஆபரேஷனுக்குப் பின் வலியில் புதிதாகக் கற்றுக்கொள்ள முடியாது. காமாலையில் ரத்தம் சரியாக உறையாமல் போகலாம் என்பதால் வைட்டமின் கே ஊசி போடுவார்கள். மண்ணீரல் போகும் என்று தெரிந்தால் நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹிப் தடுப்பூசிகளைக் குறைந்தது 14 நாள் முன்னால் போட்டுவிட வேண்டும். விட்டுப்போனால் ஆபரேஷன் முடிந்து 14 நாள் கழித்து. இதை வீட்டார்தான் நினைவுபடுத்த வேண்டியிருக்கும்.

அன்றைக்கு ஐந்து முதல் எட்டு மணி நேரம் வரை ஆகும். ஒரு மணி நேரத்திலேயே கூப்பிட்டால் சந்தோஷப்பட வேண்டாம். ஸ்கேனில் தெரியாத சின்னப் புள்ளிகள் கல்லீரலில் இருந்து, எடுக்காமல் மூடியிருக்கலாம். அப்படி நடக்கலாம் என்பதை வீட்டில் ஒருவராவது முன்பே தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

விப்பிளில் மூன்று இணைப்பு: மீதிக் கணையத்தைக் குடலோடு, பித்தக்குழாயைக் குடலோடு, இரைப்பையைக் குடலோடு. பித்தமும் இரைப்பையும் பெரும்பாலும் சொன்னபடி கேட்கும். வம்பு செய்வது கணையம். மென்மையான கணையத்தில் தையல் போடுவது வெண்ணெயில் நூல் கோப்பது மாதிரி, இழுத்தால் அறுத்துக்கொண்டு வந்துவிடும். நோயால் இறுகிப்போன கணையத்தில் தையல் நன்றாக நிற்கும், ஆரோக்கியமான மெத்தென்ற கணையம்தான் ஒழுகும். கேட்க விசித்திரமாக இருந்தாலும் உண்மை அதுதான்.

ஒழுக்கு தெரிவது வயிற்றுப் பக்கவாட்டில் தொங்கும் டிரெய்ன் பையில். முதல் நாள் ரத்தம் கலந்த சிவப்பு, பிறகு இளஞ்சிவப்பு, பிறகு வைக்கோல் நிறத் தெளிநீர் என்று வந்தால் நல்லது. சாம்பலாகவோ கலங்கலாகவோ வந்தால், அல்லது பச்சையாகப் பித்தம் வந்தால் உடனே சொல்ல வேண்டும். மூன்றாம் நாள் அந்தத் திரவத்தில் அமைலேஸ் என்ற கணையச் செரிமானப் பொருளின் அளவைப் பார்ப்பார்கள். ரத்தத்தின் இயல்பு அளவைப்போல மூன்று மடங்குக்கு மேல் இருந்தால் கசிவு என்று சந்தேகிப்பார்கள். கசிவு என்றதும் உடைந்துபோக வேண்டாம். பெரும்பாலானவை டிரெய்னை வைத்துக்கொண்டே சில வாரங்களில் அடைகின்றன, அந்தப் பையோடே வீட்டுக்கும் அனுப்புவார்கள். தினம் ஒரே நேரத்தில், அளவு போட்ட ஜக்கில் ஊற்றி எத்தனை மில்லி, என்ன நிறம் என்று நோட்டில் எழுதுங்கள். கணைய நீர் தோலையே செரிக்கும், துளையைச் சுற்றித் துத்தநாகக் களிம்பு தடவாவிட்டால் ரெண்டு நாளில் தோல் வெந்துவிடும். பையை எப்போதும் வயிற்றுக்குக் கீழே வையுங்கள், லுங்கியோடு சேர்த்துப் பின் குத்தி வைத்தால் திரும்பிப் படுக்கும்போது இழுபடாது.

ராத்திரி ரத்தக்கசிவு பற்றி மேலே விட்ட கேள்விக்கு வருகிறேன். இந்தக் கசியும் நீர் பக்கத்திலுள்ள வெட்டிக் கட்டிய ரத்தக்குழாயின் சுவரையும் அரிக்கும். ஆள் தேறி வீட்டுக்கு வந்த இரண்டாம், மூன்றாம் வாரத்தில் டிரெய்னில் ஒரு கரண்டி புது ரத்தம் வரும், அல்லது ரத்த வாந்தி, அல்லது தார் போன்ற மலம். கொஞ்ச நேரத்தில் நின்றும்விடும். "நின்னுட்டே, காலையில போவோம்" என்று சொல்லும் அந்த ராத்திரிதான் ஆளைக் கொண்டுபோகிறது. அது பெரிய ரத்தப்போக்குக்கு முன்னால் வரும் எச்சரிக்கை. உடனே 108, நேரே ஆபரேஷன் செய்த இடத்துக்குப் போன். அதனால்தான் டிஸ்சார்ஜ் ஆனபின் மூன்று வாரம் ஆஸ்பத்திரி ஊரிலேயே, அல்லது ஒன்றிரண்டு மணி நேரத் தூரத்தில் ரூம் எடுத்துத் தங்கச் சொல்வேன்.

வாந்தியும் ஏப்பமுமாக இரைப்பை வேலைநிறுத்தம் செய்வது இன்னொரு தொல்லை. மூக்கு ட்யூப் பத்து நாள் கிடக்கும், சிலருக்குக் கூடவும் ஆகும். தானே சரியாகும். அந்த நாட்களுக்காக வயிற்றில் குடலுக்கு நேராக ஊட்டும் ட்யூப் வைத்திருந்தால், அது அடைத்துக்கொள்வது நம் கஞ்சியால்தான். உளுந்துக் கஞ்சியையோ சத்துமாவையோ டீ வடிகட்டியில் வடித்தால் போதாது, மெல்லிய வேட்டித் துணியில் வடிக்க வேண்டும். ஊட்டுவதற்கு முன்னும் பின்னும் 30 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர் செலுத்த வேண்டும். ஊட்டும்போதும் அதற்குப் பின் ஒரு மணி நேரமும் தலைப்பக்கம் உயர்ந்திருக்க வேண்டும்.

வாயால் சாப்பிடத் தொடங்கியதும் கணையத்தின் முதல் வேலை சமையல்கட்டுக்கு வருகிறது: செரிமான நீர். மலம் எண்ணெய்ப் பசையோடு, வெளிறி, மிதந்து, ஊரைக் கூட்டும் நாற்றத்தோடு போனால் கொழுப்பு செரிக்கவில்லை என்று அர்த்தம். எத்தனை சாப்பிட்டாலும் எடை ஏறாது. அதற்குத்தான் என்சைம் கேப்சூல். முழுச் சாப்பாட்டுக்கு 40,000 முதல் 50,000 யூனிட், சிறு தீனிக்கு 10,000 முதல் 25,000 யூனிட் என்று தொடங்கி டாக்டர் கூட்டிக் குறைப்பார். எல்லாரும் செய்யும் தப்பு, சாப்பிடுவதற்கு அரைமணி முன்னாலோ சாப்பிட்டு முடித்தபின்னோ போடுவது. அது சோற்றோடு கலந்து பயணிக்க வேண்டிய மருந்து. முதல் கவளத்தோடு ஒன்று, பாதியில் ஒன்று. சூடான காப்பியோடு விழுங்கினால் மருந்து செத்துவிடும். விழுங்க முடியாதவருக்குக் கேப்சூலைப் பிரித்து, குருணையை ஒரு கரண்டி புளித்த தயிரில் போட்டு மெல்லாமல் கொடுக்கலாம், கொதிக்கும் கஞ்சியில் தூவக் கூடாது. நம் சித்திரை வெயிலில் இன்னொரு சங்கடம்: டப்பாவில் 25 டிகிரிக்குக் கீழே என்று எழுதியிருக்கும். ஃபிரிட்ஜ் தலையிலும், ஓட்டு வீட்டு அலமாரியிலும், பைக் பெட்டியிலும் வைத்துவிட்டு "மருந்து கேக்கவே மாட்டேங்கு" என்பார்கள். இது பன்றிக் கணையத்திலிருந்து எடுப்பது என்பதையும் சொல்லியாக வேண்டும். மேலப்பாளையம் முஸ்லிம் வீடுகளிலும் சைவ வீடுகளிலும் பாதியில் தெரிந்து நிறுத்திவிடுவதைவிட, முதலிலேயே தெரிந்து, பெரியவர்களிடம் கேட்டு முடிவெடுப்பது மேல்.

ஒரு நாளைக்கு ஆறு வேளை, ஒவ்வொன்றும் ஒரு கிண்ணம். இட்லி, இடியாப்பம், குழைந்த சோறு, முட்டை, மீன், மோர். கொழுப்பை அடியோடு நிறுத்துவது தப்பு, உடம்பு இளைத்துப்போகும். தேங்காய்ப்பால் சொதியும் கொஞ்சம் சாப்பிடலாம், அதற்கேற்பக் கேப்சூல் கூடும், அவ்வளவுதான். பனங்கிழங்கு மாதிரி நார் உள்ளதை முதல் இரண்டு மாதம் தொட வேண்டாம். முன்சிறுகுடல் போனதால் இரும்பும் கால்சியமும் சரியாக ஏறாது, ஹீமோகுளோபின், பி12, வைட்டமின் டி பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். புதிய இணைப்பில் புண் வராமல் இருக்கக் கொடுக்கும் அமில மாத்திரையை "கேஸ் மாத்திரைதானே" என்று நிறுத்தவும் கூடாது.

முழுக் கணையமும் போனவருக்கு இன்சுலின் ஒரு வேளைகூட நிற்கக் கூடாது. மற்ற சுகர்காரர்களுக்கும் இவருக்கும் வித்தியாசம் ஒன்று உண்டு. சுகர் இறங்கினால் ஏற்றிவிடும் குளுகாகானும் கணையத்தில்தான் சுரந்தது, அதுவும் போய்விட்டது. அதனால் லோ சுகர் வேகமாக வரும், ஆழமாக இறங்கும். 70க்குக் கீழே என்றால் 15 கிராம் குளுக்கோஸ், அதாவது மூன்று டீஸ்பூன், தண்ணீரில் கரைத்துக் கொடுத்து 15 நிமிஷத்தில் மறுபடி பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் அல்வாவை வாயில் திணிப்பது நெல்லைக்காரர் கை பழக்கம். அதிலுள்ள நெய் இனிப்பை மெதுவாக்கிவிடும். கருப்பட்டியைக் கடிக்கவைப்பதும் தாமதம், சர்க்கரைத் தண்ணீர் வேகம். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108தான். சஷ்டிக்குத் திருச்செந்தூரில் ஆறு நாள் விரதம், ரமலான் நோன்பு என்று வந்தால் டாக்டரிடம் கேட்காமல் ஊசியைக் கூட்டிக் குறைக்க வேண்டாம். கரண்ட் போகும் ஊரில் இன்சுலினை, கண்ணாடிக் குப்பி நனையாமல் பையில் கட்டி, தண்ணீர் ஊற்றிய மண்பானைக்குள் வைக்கலாம்.

மண்ணீரல் போனவருக்குக் காய்ச்சல் 100.4ஐத் தாண்டினால் நாளைக்குப் பார்ப்போம் என்ற பேச்சே இல்லை. டாக்டர் முன்கூட்டி எழுதிக்கொடுத்த ஆன்டிபயாடிக்கை ஒன்று போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். தெருநாய் கடித்தால் வெறிநாய் ஊசியோடு முடியாது, "எனக்கு மண்ணீரல் இல்லை" என்று சொல்ல வேண்டும், நாய் எச்சிலில் உள்ள ஒரு கிருமி இவர்களை மிகக் கடுமையாகப் படுத்தும். அந்த மூன்று வார்த்தையை ஒரு அட்டையில் எழுதி மணிபர்சில் வைக்கட்டும்.

ஆறு மாதம் கழித்துக் கல்யாண வீட்டுக்குப் போகும் தெம்பு வரும். இலை போட்டதும் கேப்சூலை விழுங்கிவிட்டு, சோறு வரக் கால் மணி நேரம் காத்திருக்கக் கூடாது. சோறு இலையில் விழுந்ததும் முதல் உருண்டையோடு ஒன்று. சொதிக்கு இரண்டாம் முறை சோறு வாங்கினால் இன்னொன்று. பாயசத்துக்குக் கேப்சூல் கணக்கோடு சுகர் கணக்கும் சேரும், அதனால் கூடப் போகிறவர் சட்டைப் பையில் டப்பாவும் மீட்டரும் இருக்கட்டும். டப்பாவை வாசலில் வெயிலில் நிற்கும் காரில் விட்டுவிட்டுப் பந்திக்கு உட்கார வேண்டாம்.